சபைக் கூச்சம் கழிந்த வரலாறு

திருக்குறளின் அமைச்சியல் முடியுமிடத்தில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே கூறப்படும் அவை இக்காலத்துப் பொதுக்கூட்டம் அன்று. கற்றோர் சிலர் கூடிய சிறு சபை. அதில் அஞ்சியவன் அஞ்சியது எதிரே இருந்தவர்களின் கல்விக்கே அன்றி அவர்களுடைய எண்ணிக்கைக்கு அன்று. முன்பின் அறியாத ஆயிரம் பேருக்கு முன் எழுந்து நின்று, கையில் ஏடும் இல்லாமல், துணைக்குப் பாட்டும் இல்லாமல், வெறும் வசனத்தில் ஒருவன் தன் அபிப்பிராயத்தை ஒரு மணி நேரம் எடுத்துரைப்பது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நம்மிடையே வேரூன்றிய வழக்கம். ஆகவே அதற்குரிய அச்சமும் புதிய அச்சமே.

அதற்கு முன்னர்க் கோயில் மண்டபங்களில் புராணம் படிக்கப்பட்டது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். அவருக்கு நா தடுமாறினால் ஏடு கைகொடுக்கும். ஏடு தீர்ந்தால் அடுத்த பாட்டு வரும். அவருடைய சொந்தக் கருத்து இன்னது என்று சபையில் ஒருவரும் கேட்டதில்லை. நூல் அரங்கேற்றிய புலவர்களுக்கு மட்டும் குற்றம் காண்போரின் ஆட்சேபம் என்ற பயம் இருந்தது. அதுவும் புலமையைப் பற்றிய பயமே தவிர, வாய் திறப்பதைப் பற்றியதன்று.

இந்த நிலையை மாற்றியவர்கள் புராட்டஸ்டண்டு பாதிரிமார். சந்தையிலும் தெருவிலும் நின்று, கேட்க வந்தவன் வராதவன் என்ற பேதமின்றி எல்லோரையும் நோக்கி அவர்கள் பிரசங்கித்தார்கள். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராக இருந்து, பைபிளைத் தமிழாக்கும் வேலையில் அவருக்குத் துணைபுரிந்த ஆறுமுக நாவலர் அந்த முறையை அருகிருந்து பார்த்தவர். பார்த்ததோடு நில்லாமல் அதையே சைவத்தின் பொருட்டுக் கையாளத் துணிந்தார். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நடந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அன்று அவர் என்ன பேசினார் என்பதைக் காட்டிலும், அடுத்த வெள்ளிக்கிழமையும் பேச்சு நடந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாரந்தோறும் அதே கிழமை, அதே இடம். ஒரு வாரம் நாவலர் என்றால் மற்றொரு வாரம் அவருடைய நண்பர் கார்த்திகேச ஐயர். பேசுபவர் இருவரானதால் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போரில் ஒருவராகிவிடுகிறார். கேட்டுப் பழகியவனுக்குக் கேட்போரிடம் பயம் குறையும். நாள் தவறாமையால் கூட்டமும் அந்நியக் கூட்டமாக இல்லாமல் பழகிய முகங்களாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள், 1849-இல், திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்து 'நாவலர்' என்ற பட்டத்தை அவர் பெற்றார். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருப்பது பிறவி வன்மை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமைகளும் இருக்கின்றன.

இதற்கு மாறாக, பழக்கம் வாய்ப்பதற்கு முன் அச்சம் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்குக் காந்தியடிகளின் சுயசரிதையைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது. லண்டனில் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அவர் தம் கருத்தைப் பேச மாட்டாமல் எழுதிக்கொண்டு போக, அதையும் வேறொருவரே படிக்க வேண்டியதாயிற்று. 1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில் நகைச்சுவையாகப் பேச எண்ணி எழுந்தவர், முதல் வாக்கியத்துக்கு மேல் நினைவு வராமல், வந்தவர்களுக்கு நன்றி கூறி உட்கார்ந்துவிட்டார். பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்காக எழுந்தபோது தலை சுற்றியது. குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிரிட்டோரியாவில், 1893-இல், இந்திய வியாபாரிகளின் கூட்டத்தில் வியாபாரத்தில் சத்தியம் என்பது பற்றிப் பேசியதைத்தான் தம் முதற் பொதுப் பேச்சு என்று அவர் குறிக்கிறார். அதோடு அது முடியவில்லை. அத்தகைய கூட்டங்கள் பின்னர் ஏறக்குறைய ஒழுங்காக நடந்துவந்தன. வண்ணார்பண்ணையில் நடந்ததும் பிரிட்டோரியாவில் நடந்ததும் இவ்வகையில் ஒன்றே.

அப்படியும் அச்சம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 1896-இல் பம்பாயில் பிரோஸ்ஷா மேத்தா கூட்டிய கூட்டத்தில், மண்டபம் நிரம்பி வழிய, அடிகளின் உடல் நடுங்கிற்று. உரக்கப் படிக்கும்படி மேத்தா தூண்டத் தூண்டக் குரல் இன்னும் தாழ்ந்தது. அருகிலிருந்த தேஷ்பாண்டே உரையை வாங்கிக்கொண்டார்; சபையோ வாச்சாவின் பெயரைக் கூவிற்று; முடிவில் தின்ஷா வாச்சாவே அதைப் படித்தார். சில வாரங்களில் அடிகள் சென்னைக்கு வந்து, அக்டோபர் 26-ஆம் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். அதுவும் அச்சிட்ட உரையே, நீண்ட உரையே. ஆயினும் சென்னைச் சபை ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேட்டதாக அவரே எழுதுகிறார். காரணம் பாலசுந்தரம். வெள்ளைக்கார எஜமானனால் பல் உடைபட்டு, இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்திக்கொண்டு டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற அந்தத் தமிழ்க் கூலியாளின் கதை இங்கே முன்னமே பரவியிருந்தது. பேசுபவரிடமிருந்து அழகிய சொற்களை அந்தச் சபை எதிர்பார்க்கவில்லை. நடந்ததை அறிந்தவன் வாயிலிருந்தே அதைக் கேட்க விரும்பிற்று. அப்படிப்பட்ட சபைக்கு முன் மெலிந்த குரலும் போதும்.

அக்காலத்துச் சென்னை மண்டபங்களில் நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். 1907-இல் விபின சந்திர பாலர் கடற்கரையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளும் ஆங்கிலத்திலேயே நடந்தன. மறு ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேச, ஆலைத் தொழிலாளர்கள் முதல் கடைக்காரர்கள் வரை கடற்கரைக்கு வந்து கேட்டார்கள். ஆங்கிலம் கற்றவன் தமிழில் பேசக் கூசிய கூச்சம் ஒன்று உண்டே, அது அந்த மணலில்தான் கரைந்தது என்று சொல்லலாம். அதே மணலில் வேறோர் அச்சம் பிறந்தது: பேச்சைக் குறித்துக்கொள்ளப் போலீஸார் வந்தனர், அந்தக் குறிப்புகள் கோர்ட்டில் சாட்சியாயின, பேசியதற்காகச் சிவாவுக்குப் பத்தாண்டும், பிள்ளையவர்களுக்கு ஆயுள் முழுவதும் தீவாந்தரமும் விதிக்கப்பட்டன. சபைக்கு அஞ்சுவதில் பொருள் இல்லை என்று சொல்லும் நாம், சர்க்காருக்கு அஞ்சியவர்களை அத்தனை எளிதாகக் குறைகூற முடியாது.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அதன் தலைவர் வாடியா பார்சிக்காரர். அவர் பேசியது ஆங்கிலம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்கு அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. மொழிபெயர்த்துச் சொல்லும் இந்த வேலையைப் பேச்சுக் கலையின் வரலாற்றில் ஒருவரும் பெரிதுபடுத்துவதில்லை. எனக்கோ அது மிகச் சிறந்த பள்ளிக்கூடமாகத் தோன்றுகிறது. கருத்துக்கு மற்றொருவர் பொறுப்பு. அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தும்போதெல்லாம் மூச்சுவிட அவகாசம். சொல்லுக்கு மட்டுமே தான் பொறுப்பு. கூச்சமுள்ளவனுக்கு இதைவிட மெதுவான படிக்கட்டு வேறு இல்லை. அந்தத் தொழிலாளர் மேடைகளில் ஓங்கி ஒலித்த தமிழ்க் குரல், வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் பதவியை 1917-இல் துறந்து 'தேசபக்தன்' ஆசிரியரான திரு. வி. க.வினுடையது.

அவருக்குப் பின் மேடைத் தமிழ் இரண்டாகக் கிளைத்தது. ரா. பி. சேதுப்பிள்ளை எதுகையும் மோனையும் இழைந்த செந்தமிழில் கம்பனைப் பற்றிப் பேச, கேட்டவர்கள் மயங்கினார்கள். ஈ. வெ. ரா.வோ வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் மணிக்கணக்கில் பேசினார். இலக்கணப் பிழையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஒலிபெருக்கி வந்தபின் இரண்டு வகைக்கும் தொண்டைக் கஷ்டம் தீர்ந்தது. இளைஞர்கள் பெரும்பாலும் முதல் வகையையே பின்பற்ற விரும்பினார்கள். அங்கேதான் கூச்சம் மறுபடி நுழைந்தது. மனப்பாடம் செய்த அடுக்கு மொழியில் ஒரு மோனை நழுவினால் அடுத்த பத்து வாக்கியமும் நழுவும். சொந்த விஷயத்தைத் தன் நடையில் சொல்பவனுக்கு அந்த ஆபத்து இல்லை. சேதுப்பிள்ளைக்கு அது இயல்பு. மற்றவர்களுக்கு இரவல் நகை.

காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து ஆண்டுதோறும் விழா நடக்க, அங்கே நிலைபெற்ற பட்டிமண்டபம் பின்னர் ஊர்தோறும் பரவிற்று. தனியே ஒரு மணி நேரம் பேச அஞ்சுபவனும், அணியில் நால்வரோடு அமர்ந்து, எதிரணிக்காரர் சொன்னதற்குப் பதில் சொல்வதென்றால் துணிந்து எழுவான். என்ன பேசுவது என்ற கவலையில் பாதியை எதிரியே தீர்த்துவிடுகிறான் அல்லவா?

பள்ளிக்கூடங்களில் இலக்கிய மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறை பேச்சுப் போட்டி வைத்து, ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்த மூவருக்குப் பரிசு கொடுப்பதால், முன்னமே பேசத் தெரிந்தவர்கள் மேலும் பேசுகிறார்கள். மற்றவர்கள் கைதட்டப் பழகுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளை நிச்சயித்து, முறை வைத்து, இதுவரை எழுந்தே நில்லாத பிள்ளைகளை அவர்கள் அறிந்த விஷயத்தைப் பற்றி, அவர்கள் வீட்டில் பேசும் தமிழில், ஐந்து நிமிஷம் பேச விடுங்கள். நடுவில் நின்றுபோனாலும் திருத்தாதீர்கள். அடுத்த முறையும் அவர்களையே அழையுங்கள்.