சாங்கான் சென்ற சில்லா மாணவர்

பிறநாட்டு மாணவர் சீனாவின் உயர்கல்விக் கூடங்களை நாடுதல் இன்று தோன்றிய வழக்கமன்று. கொரியத் தீபகற்பத்துச் சில்லா அரசு, தன் உயர்குடி மைந்தரைத் தாங் பேரரசின் தலைநகரான சாங்கானிலிருந்த தேசியக் கல்விக்கழகத்திற் சேர்க்குமாறு 640 இல் வேண்டிக்கொண்டது. பின்னாளில் இம்மாணவர் நூல் வாங்கும் பணத்தைச் சில்லா அளித்தது. உணவும் உறையுளும் தாங் அரசின் பொறுப்பாயின. கல்விக்காலம் பத்தாண்டு. பணயமாக இருந்தோரும் தவணை கடந்த மாணவருமாக 105 பேர் 840 இல் ஒருங்கே திருப்பியனுப்பப்பட்டனர்.

868 இல் கடல்கடந்த சோய் சிவோனுக்கு வயது பன்னிரண்டு. பத்தாண்டினுள் தேர்வில் வெல்லாவிடில் தன் மகனென்று சொல்லிக்கொள்ள வேண்டாமெனத் தந்தை கூறியனுப்பினாராம். (இத்தகைய தந்தையரை நாமும் அறிவோம்.) ஆறே ஆண்டில், 874 இல், பிறநாட்டவர்க்கான ஆட்சித்துறைத் தேர்வில் அவர் சித்தியெய்தினார், சீனாவிலேயே பதவியும் பெற்றார்.

885 இல் தாயகம் மீண்டபோதுதான் இடர் தொடங்கிற்று. சில்லாவிற் பதவியின் எல்லையை வகுத்தது கல்வியன்று. 'எலும்புத் தரம்' எனப்பட்ட பிறப்பு முறையே. 894 இல் அரசி ஜின்சொங்கிடம் பத்து அம்சங்கொண்ட சீர்திருத்தத் திட்டமொன்றை அவர் சமர்ப்பித்தார். கைம்மாறாகக் கிடைத்தது, அவர் குலத்தவர் எட்டக்கூடிய உச்சமான ஆறாந்தரப் பதவி. திட்டமோ நடைமுறைக்கு வரவில்லை. ஈற்றில் அவர் பதவி துறந்து, குடும்பத்துடன் காயா மலையிலுள்ள ஹேயின்சா விகாரையில் ஒதுங்கினார்.