திருடனுக்கு அடித்த மருந்து

மேட்டூரிலிருந்து காவிரியோடு கீழே இறங்கினால் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் தாண்டி ஜேடர்பாளையம் வரும். அங்கே பிரிகிற ராஜா வாய்க்கால் பரமத்திவேலூர் வட்டாரத்துக் கொடிக்கால்களுக்கு உயிர்நாடி. அகத்தியைப் பற்றி ஏறும் வெற்றிலைக்கொடிக்கு மழைக்காலத்தில் பெரிய எமன் வாடல் நோய்தான். தூரில் அழுகல் கண்டால் சில நாளில் கொடி துவண்டு விழும். பக்கத்துக் கொடிக்கும் பரவும். அதற்கு எதிராக விவசாயி வாளியில் கரைக்கும் நீல நிறக் கலவைக்கு மூன்றே பொருள்கள் போதும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), சுண்ணாம்பு, தண்ணீர். உரக்கடைக்காரர், வேளாண் அலுவலர், கொடிக்கால்காரர் எல்லோரும் அதை ஒரே பெயரில்தான் கேட்கிறார்கள், சொல்கிறார்கள்: போர்டோ கலவை. சேலம் மாவட்டத்தின் மேலே, ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் பருவமழைக்கு முன்னால் செடிகளுக்கு அடிப்பது இதைத்தான்.

போர்டோ என்பது பிரான்சின் தென்மேற்கில் உள்ள துறைமுக நகரம். உலகின் மிக விலை உயர்ந்த திராட்சை மதுக்களில் பல அந்த நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான் விளைகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் துக்ரு போகாயு. மது வேண்டாம் என்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அமைச்சரவை சட்டம் போட்டுத் தடுத்தது நம் சேலம் மாவட்டத்தில். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஒரு மதுத் தோட்டத்தின் வரலாற்றை எழுதுவதற்கு எனக்குள்ள காரணம் அந்த நீல வாளிதான்.

போர்டோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி மெதோக் என்ற நிலப்பகுதி நீண்டு கிடக்கிறது. அதில் சேன் ஜூலியன் என்ற சிற்றூர். ஆற்றைப் பார்த்தபடி சற்றே மேடான நிலத்தில் இந்தத் தோட்டம். மண்ணைவிடக் கூழாங்கல்தான் அதிகம். நெல்லோ கரும்போ போட்டால் தேறாத நிலம். ஆனால் திராட்சைக்கு அதுவே வரம். மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். பகலில் வாங்கிய வெயிலை இரவில் கல் திருப்பிக் கொடுக்கும். ஆறு பக்கத்தில் இருப்பதால் கடும்பனியின் வேகமும் தணியும். கொடிகள் ஆற்றைப் பார்த்து நின்றால்தான் மது சிறக்கும் என்று மெதோக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

1795இல் பெர்த்ரான் துக்ரு என்பவர் இந்தத் தோட்டத்தை வாங்கி மாளிகையைச் சீரமைத்துத் தன் பெயரையும் சேர்த்தார். 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் அரசு போர்டோ மதுக்களைத் தரம் பிரிக்கச் சொன்னது. போர்டோவின் தரகர்கள் பல ஆண்டு விலைகளை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பட்டியல் போட்டார்கள். முதல் வகுப்பில் லஃபித், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன் என்ற நான்கே பெயர்கள். துக்ரு தோட்டத்துக்கு இரண்டாம் வகுப்பு. சேன் ஜூலியனுக்கு முதல் வகுப்பே கிடைக்காததால் அந்த ஊரில் இதற்கு மேல் தரம் கிடையாது. அந்தப் பட்டியல் இன்றும் செல்லும். 1973இல் மூத்தோன் தோட்டத்தை முதல் வகுப்புக்கு உயர்த்தியது ஒன்றுதான் அதில் நடந்த பெரிய மாற்றம்.

1866இல் நத்தானியேல் ஜான்ஸ்டன் துக்ரு தோட்டத்தை வாங்கினார். அயர்லாந்திலிருந்து வந்து போர்டோவில் வேரூன்றிய மது வணிகக் குடும்பம். மாளிகையின் இரு பக்கமும் கோபுரங்கள் எழுந்தது அவர் காலத்தில். மார்கோ அருகிலுள்ள தோசாக் தோட்டமும் அவருடையதே. இரண்டையும் பார்த்துக்கொள்ள எர்னஸ்ட் தாவீத் என்ற மேலாளரை வைத்திருந்தார். இந்த மேலாளரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலம் பிரெஞ்சுத் திராட்சைக்குச் சோதனைக் காலம். 1850களில் சாம்பல் நோய் வந்தது. கந்தகப் பொடி தூவி ஒருவாறு மீண்டார்கள். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தோட்டம் தோட்டமாகக் கொன்றது. அந்தப் பூச்சிக்கு ஈடுகொடுக்கும் அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்து, அவற்றின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த அமெரிக்கக் கொடிகளோடு இன்னொரு நோயும் கப்பலேறி வந்தது. 1878இல் பிரான்சில் முதன்முதலாகக் கண்ட அந்த நோய்தான் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்கள் நன்கறிந்த அடிச்சாம்பல் நோய். இலையின் அடியில் வெள்ளைப் பூஞ்சை படரும், இலை கருகும், அறுவடைக்கு முன்பே உதிரும். இலை இல்லாத கொடியில் பழம் இனிக்காது. 1880களின் முதல் பாதியில் மெதோக்கின் மதுக்கள் சப்பென்று போனதற்கு இதுதான் காரணம்.

1882 அக்டோபர் கடைசியில், போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் பியர் மில்லார்தே சேன் ஜூலியன் திராட்சைத் தோட்டங்களின் வழியாகப் போனார். எங்கு பார்த்தாலும் இலை உதிர்ந்த மொட்டைக் கொடிகள். ஆனால் பாதையை ஒட்டிய சில வரிசைகளில் மட்டும் இலைகள் அப்படியே நின்றன. கிட்டே போய்ப் பார்த்தால் அந்த இலைகளின் மேல் நீலம் பூத்த வெண்மையான ஏதோ ஒரு பூச்சு. நேராக எர்னஸ்ட் தாவீத்திடம் போய்க் கேட்டார்.

தாவீத் சொன்ன பதிலில் அறிவியல் ஏதும் இல்லை. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்கள், அதனால் பாதையோர வரிசைகளில் மயில்துத்தத்தையோ செப்புக் களிம்பையோ சுண்ணாம்பில் கரைத்துத் தெளிப்பது அந்தப் பக்கத்து வழக்கம் என்றார். பார்த்தால் விஷம் போலத் தெரியும், பயந்து யாரும் கைவைக்கமாட்டார்கள். அவ்வளவுதான். திருடனுக்காக அடித்தது பூஞ்சையை விரட்டியிருந்தது.

செம்பு பூஞ்சையைத் தடுக்கும் என்பது முற்றிலும் புதிய செய்தியும் அல்ல. 1807இலேயே பெனடிக்ட் பிரெவோ என்பவர் பிரான்சில், செம்பு கலந்த நீரில் கோதுமைக் கரிப்பூட்டை நோயின் வித்துகள் முளைப்பதில்லை என்று எழுதிவைத்திருந்தார். முக்கால் நூற்றாண்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மில்லார்தேயின் பெருமை, பாதையோரத்தில் கண்டதை அலட்சியமாக விட்டுவிட்டுப் போகாததில் இருக்கிறது. உடன் பணியாற்றிய வேதியியலாளர் உய்லீஸ் கையோனைச் சேர்த்துக்கொண்டார். தாவீத் தன் பொறுப்பில் இருந்த தோசாக், துக்ரு தோட்டங்களைச் சோதனைக்குத் திறந்துவிட்டார். வெவ்வேறு அளவுகளில் கலந்து, வரிசை வரிசையாகத் தெளித்து, பருவம் பருவமாகக் காத்திருந்து 1885இல் மில்லார்தே முடிவை வெளியிட்டார். எட்டுக் கிலோ மயில்துத்தம், நூறு லிட்டர் தண்ணீர், பதினைந்து கிலோ சுண்ணாம்பு, அதைக் கரைக்க முப்பது லிட்டர் தண்ணீர் என்பது அவர் கொடுத்த அளவு. தெளிப்பான் பரவாத காலம் அது. சிறு விளக்குமாற்றைக் கலவையில் நனைத்துக் கொடிகளின் மேல் உதறினார்கள்.

இன்று நாம் கலக்கும் ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் நூறு லிட்டர் தண்ணீரும் போதும். செய்முறையில் கவனம் வேண்டும். துத்தத்தைத் தனியாகவும், நீற்றிய சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்துவைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்து அடியில் தங்கும். இரும்புப் பாத்திரம், தகர டிரம் ஆகாது. மண்பானை, மரம், பிளாஸ்டிக் நல்லது. கலந்ததும் துலக்கிய இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்புப் படிவு செந்நிறமாக ஒட்டினால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும் என்று பொருள். கத்தி பளபளப்பு மாறாமல் வந்தால் அடிக்கலாம். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும். வந்த நோயை இது குணப்படுத்தாது. பூஞ்சை வித்து இலையில் முளைக்காமல் தடுக்கத்தான் முடியும். அதனால்தான் மழைக்கு முன்பே அடிக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு பதினைந்து ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் தமிழர் வரலாறே ஒரு பக்கம் வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து நடந்தும் தோணியேறியும் போன நம் மக்களின் உழைப்பில் எழுந்த தோட்டங்கள் அவை. பிரிட்டிஷ் அரசு மார்ஷல் வார்டு என்ற இளம் அறிஞரை அனுப்பி 1880 முதல் 1882 வரை ஆராயச் சொன்னது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதை அவர் துல்லியமாகக் கண்டுசொன்னார், ஆனால் கையில் மருந்து இல்லை. அவர் இலங்கையை விட்ட அதே 1882இல்தான் மில்லார்தே அந்தப் பாதையில் நின்று நீல இலைகளைப் பார்த்தார். அதற்குள் இலங்கையில் காப்பி போய்த் தேயிலை வந்துகொண்டிருந்தது.

இந்தியப் பக்கத்தில் இந்தக் கலவையை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் லெஸ்லி கோல்மன். 1908இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்த கனடாக்காரர். மலைநாட்டில் மழைக்காலத்தில் பாக்குக் குலைகளை அழுக வைத்த கொளெரோகத்துக்குக் காரணமான பூஞ்சையை ஆராய்ந்து, மழைக்கு முன் குலைகளுக்குப் போர்டோ கலவை அடிக்கும் பழக்கத்தைப் பரப்பினார். நம் கொடிக்கால் வாடலுக்கும் காரணம் அதே பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததுதான். 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காப்பி ஏறிய ஏற்காட்டில் இன்றைக்கும் அரபிக்காச் செடி நிலைத்திருப்பதில் இந்த நீலத்துக்கும் பங்கு உண்டு.

துக்ரு தோட்டத்துக்குத் திரும்புவோம். 1915இல் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். தெளிக்க ஆளும் துத்தமும் போதாமல் அடிச்சாம்பல் நோய் மறுபடி போர்டோ முழுவதையும் சூறையாடியது. மருந்தின் மதிப்பு அந்த ஒரு வருடத்தில் தெரிந்துபோயிற்று. அதன்பின் ரஷ்யப் புரட்சி, அமெரிக்க மதுவிலக்கு, பொருளாதார மந்தம் என்று அடிமேல் அடி விழ, ஜான்ஸ்டன் குடும்பம் 1920களின் முடிவில் தோட்டத்தை விற்றது. 1941இல் அது பொரி குடும்பத்தின் கைக்கு வந்தது, இன்றுவரை அவர்களிடமே இருக்கிறது.

மது ரசிகர்கள் புட்டியில் முதலில் பார்ப்பது ஆண்டை. அது திராட்சை அறுத்த ஆண்டு. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு ஜூன் 12இல் தண்ணீர் திறந்த வருடங்களை நம் டெல்டாக்காரர்கள் விரல்விட்டுச் சொல்வதுபோல அவர்கள் வெயிலும் மழையும் கூடிவந்த வருடங்களைச் சொல்வார்கள். துக்ரு தோட்டத்தின் பெயர் சொல்லும் ஆண்டு 1961. பூக்கும் பருவத்துக் குளிரில் பிஞ்சு கொட்டி விளைச்சல் குறைந்தது. பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் நல்ல வெயில். எஞ்சிய கொஞ்சப் பழத்தில் சாறு அடர்ந்து நின்றது. 1953இல் பொறுப்பேற்ற ழான் எழேன் பொரியின் பெயரை நிலைநாட்டிய ஆண்டு அது. அதற்கு அடுத்தபடி 1970, 1982. 1980களின் பிற்பகுதியில் மது வைக்கும் கிடங்கில் பூசண வாடை புகுந்தது. மரத்துக்குப் பூசிய குளோரின் சேர்மங்களைப் பூஞ்சை மாற்றியதால் வரும் வாடை அது. உலகுக்குப் பூஞ்சை மருந்து கொடுத்த தோட்டம் பூஞ்சையாலேயே சில ஆண்டுகள் பெயர் கெட்டு, புதிய கிடங்கு கட்டித்தான் மீண்டது. 1995, 1996, 2000 ஆகியவை அந்த மீட்சியின் அடையாளங்கள். 2003இல் புரூனோ பொரி வந்தபின் 2005, 2009, 2010, 2016 எல்லாம் உச்சத்தில் வைத்துப் பேசப்படுகின்றன.

என் கணக்கில் அந்தத் தோட்டத்தின் தலைசிறந்த ஆண்டு 1961 அல்ல, 1885. 1961ஐச் சுவைத்தவர்கள் உலகத்தில் சில ஆயிரம் பேர் இருக்கலாம். 1885இன் பலன் உருளைக்கிழங்கு, காப்பி, பாக்கு, வெற்றிலை என்று கோடிக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மில்லார்தே 1902இல் காலமானார். தாவீத்தின் பெயர் ஆராய்ச்சி நூல்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லி, தோட்டத்தையும் திறந்துவிட்ட அந்த மேலாளருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். செம்பு மட்காது. நூறு ஆண்டுகளுக்கு மேல் தெளித்த போர்டோ தோட்டங்களின் மேல்மண்ணில் அது சேர்ந்து மண்புழுவையும் நுண்ணுயிர்களையும் பாதிக்கிறது. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ செம்புக்கு மேல் போடக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. நம் கொடிக்கால்காரர்களுக்கும் காப்பித் தோட்டக்காரர்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: வேளாண் அலுவலர் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள், வெற்றிலையைப் பறித்த பிறகே மருந்து அடியுங்கள், கத்தியை முக்கிப் பார்க்காமல் ஒரு வாளிகூட ஊற்றாதீர்கள்.