அடுக்களையே ஆய்வகம்: அமெரிக்க வீட்டுக்கல்வியும் சிறார் அறிவியல் தொலைக்காட்சியும், 1951–2025

1951 மார்ச் 3ஆம் நாள் சிகாகோ நகரத்து என்.பி.சி. நிலையத்திலிருந்து ‘வாட்ச் மிஸ்டர் விஸார்ட்’ என்ற நிகழ்ச்சி முதன்முதலாக நேரலையில் ஒளிபரப்பானது. அதை நடத்திய டான் ஹெர்பர்ட் ஆசிரியர் கல்லூரியில் ஆங்கிலமும் பொது அறிவியலும் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். விஞ்ஞானி என்றதும் எல்லோர் நினைவிலும் எழும் வெள்ளை அங்கியை அவர் அணியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அவர் வீட்டுக்கு வரும். எதையாவது பார்த்து ஏன் என்று கேட்கும். ஹெர்பர்ட் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். கண்ணாடிப் புட்டி, மெழுகுவர்த்தி, பலூன், தண்ணீர் என்று வீட்டில் கிடைப்பதை மேசைமேல் எடுத்து வைத்து, அடுத்து என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளையையே ஊகிக்கச் சொல்வார். 1965 வரை 547 நிகழ்ச்சிகள் இப்படி நடந்தன. ஐம்பதுகளின் நடுவிலேயே அவர் பெயரில் 5,000க்கும் மேற்பட்ட சிறுவர் அறிவியல் மன்றங்கள் நாடெங்கும் தோன்றியிருந்தன.

பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று, நடுவில் ஒரு மேசை: இந்த அமைப்பு வகுப்பறையினுடையது அன்று, வீட்டினுடையது. அப்போது அமெரிக்கப் பிள்ளைகள் ஏறக்குறைய அனைவரும் பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கென்று எவரும் நிகழ்ச்சி தயாரிக்கவில்லை. இருந்தும் பின்னாளில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தேடிச்சென்ற வடிவம் இந்த முதல் தொடரிலேயே முழுதாக இருந்தது. அடுத்த எழுபது ஆண்டுகளில் சிறார் அறிவியல் தொலைக்காட்சி இந்த மேசையைவிட்டு விலகியதும் அதனிடம் திரும்பியதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

கட்டாயக் கல்விச் சட்டம் 1852இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கி 1918இல் மிசிசிப்பியோடு நாடு முழுவதையும் எட்டியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் பல மாநிலங்களில் வழக்கைச் சந்திக்க வேண்டியிருந்தது. ஜான் ஹோல்ட் 1964இல் எழுதிய ‘ஹவ் சில்ட்ரன் ஃபெயில்’ பள்ளி வழிக் கற்றலின் குறைகளை வெளிச்சமிட்டது. பள்ளியைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கை தளர்ந்தபின், 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காக ‘குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்’ என்ற செய்திமடலை அவர் தொடங்கினார். ரேமண்ட் மூர், டோரதி மூர் இணையர் சமயப் பற்றுள்ள குடும்பங்களிடையே இதே கருத்தைப் பரப்பினர். 1993க்குள் வீட்டுக்கல்வி ஐம்பது மாநிலங்களிலும் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது.

சட்டம் ஒன்றுபோல இல்லை. அறிவியல் பாடத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். டெக்சாஸ் வீட்டுக்கல்விக்கு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை என்ற ஐந்து பாடங்களைத்தான் கேட்கிறது; அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. பென்சில்வேனியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ அறிவியலைக் கட்டாயமாக்கியதோடு, என்ன படிக்கப்பட்டது என்ற பதிவேட்டையும் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பையும் கேட்கிறது. எழுத்தையும் கணக்கையும் தாய் தந்தையர் துணிந்து சொல்லிக்கொடுத்தார்கள். கருவிகளும் செய்முறையும் வேண்டியிருந்த அறிவியலில்தான் தயங்கினார்கள். தொலைக்காட்சி நுழைய வழிவிட்டது அந்தத் தயக்கமே.

1967இல் பொது ஒளிபரப்புச் சட்டம் வந்தது. 1969 நவம்பரில் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியது. அதைத் தயாரித்த சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் ஒர்க்‌ஷாப், ஒரு நிகழ்ச்சியை எழுதும்போதே பிள்ளைகளிடம் காட்டிச் சோதித்துத் திருத்தும் வழக்கத்தை நிலைநாட்டியது. அந்த நிறுவனமே 1980 ஜனவரியில் ‘3-2-1 கான்டாக்ட்’ தொடரை எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. முதல் பருவத்தில் வாரத்துக்கு ஒரு கருப்பொருள்: ஒரு வாரம் சத்தமும் அமைதியும், இன்னொரு வாரம் சூடும் குளிரும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே பொருளைப் பல பக்கங்களிலிருந்து பார்க்கும் இந்த முறை ஓர் ஆசிரியரின் பாடத்திட்டத்துக்கு நிகரானது. குறை நேரத்தில் இருந்தது. நிலையம் காட்டும் வேளையில் குடும்பம் பார்த்தாக வேண்டும். தம்பி தூங்கிக்கொண்டிருந்தாலும் அம்மா கடைக்குப் போயிருந்தாலும் பாடம் ஓடிப்போய்விடும்.

இதை மாற்றியது வீடியோ கேசட். வீட்டில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல் என்று திரைப்பட நிறுவனங்கள் சோனி நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்து வைத்துக்கொள்வது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவானது. சிறுவர் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ் அந்த வழக்கில் சாட்சி சொன்னவர். குடும்பங்கள் தமக்குத் தோதான நேரத்தில் தம் நிகழ்ச்சியைப் பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்ற அவரது கருத்தைத் தீர்ப்பே எடுத்துக்காட்டியது. வீட்டுக்கல்வியின் வரலாற்றில் இத்தீர்ப்புக்கு உரிய இடம் இதுவரை தரப்படவில்லை. பதிந்த நாடா கையில் இருந்தால் தாய் அதை நடுவில் நிறுத்தலாம், மறுபடி ஓட்டலாம், மறுநாள் காலை சோதனையைச் செய்து பார்த்துவிட்டு மீதியைப் போடலாம். பாடவேளை நிலையத்தின் கையிலிருந்து வீட்டின் கைக்கு வந்தது. அதே காலத்தில் ஹெர்பர்ட்டும் ‘மிஸ்டர் விஸார்ட்ஸ் வேர்ல்ட்’ என்ற பெயரில் 1983 முதல் நிக்கலோடியன் கேபிள் அலைவரிசையில் மீண்டும் தோன்றினார்.

சிறு பிள்ளைக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது சலிப்பில்லை என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். 1996இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ இதை ஒளிபரப்பு முறையாகவே ஆக்கி, ஒரே நிகழ்ச்சியை வாரத்தில் ஐந்து நாளும் காட்டியது. திரும்பப் பார்க்கப் பார்க்கப் பிள்ளைகளின் புரிதல் கூடுகிறது, திரையை நோக்கி அவர்கள் வாய்விட்டுப் பதில் சொல்வதும் கூடுகிறது என்று அதையொட்டிய ஆய்வுகள் கண்டன. நாடாவை வைத்திருந்த வீடுகள் இந்தப் பயனை அதற்கு முன்பே அனுபவித்துவந்தன.

சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் 1990இல் வந்தது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் கல்விசார் நிகழ்ச்சி என்ற அளவுகோல் 1996இல் வகுக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அறிவியல் தொடர்கள் வரிசைகட்டின. 1992இல் ‘பீக்மன்ஸ் வேர்ல்ட்’, 1993இல் ‘பில் நை தி சயின்ஸ் கை’. போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பில் நை நூறு நிகழ்ச்சிகளில் நூறு பொருள்களைத் தொட்டார். வேகமான வெட்டு, பாட்டு, கூச்சல் எல்லாம் பத்து வயதுக்காரரைக் கட்டிப்போட்டன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேகம் மிகை. ஹெர்பர்ட் ஒரு கேள்விக்குப்பின் காத்திருந்த அந்த மௌனம் இவற்றில் இல்லை.

1994 முதல் 1997 வரை 52 நிகழ்ச்சிகளாக வந்த ‘தி மேஜிக் ஸ்கூல் பஸ்’ வேறு வகையில் சிறப்புடையது. ஜோவானா கோல் எழுதி புரூஸ் டீகன் படம் வரைந்த நூல்களிலிருந்து பிறந்த இக்கார்ட்டூனில், மிஸ் ஃபிரிஸில் என்ற ஆசிரியை மாணவர்களைப் பேருந்தோடு சுருக்கி மனித உடலுக்குள்ளும் அழைத்துப் போவார். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஒரு தொலைபேசி மணி அடிக்கும். பிள்ளை ஒன்று தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, நீங்கள் காட்டியது சரியில்லையே என்று கேட்கும். தயாரிப்பாளரும் எது உண்மை, எது கதைக்காக மாற்றியது என்று ஒப்புக்கொண்டு விளக்குவார். இது மிக நேர்மையான பகுதி. பார்த்ததை அப்படியே நம்பாமல் கேள்வி கேட்கும் பழக்கத்தை, அதாவது அறிவியலின் ஆணிவேரை, இரண்டு நிமிடத்தில் கற்றுத் தந்தது. ஆசிரியர் இல்லாத வீட்டில் அந்த இரண்டு நிமிடம் இன்னும் அதிகம் பயன்பட்டது.

வீட்டிலேயே படிப்போர் தொகை இதற்கிடையே பெருகியது. அரசின் தேசிய கல்விப் புள்ளியியல் மையம் 1999இல் சுமார் 8,50,000 பேரையும், 2007இல் சுமார் 15 லட்சம் பேரையும் கணக்கிட்டது. 2007ஆம் ஆண்டுக் கணக்கில், சமயம் அல்லது ஒழுக்கம் சார்ந்த கல்வியே தங்கள் முதன்மைக் காரணம் என்று 36 விழுக்காட்டினரின் பெற்றோர் கூறினர். புவியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று நம்பும் குடும்பங்களும் அவர்களிடையே உண்டு. 2009இல் வந்த ‘டைனோசர் ட்ரெயின்’ கோடிக்கணக்கான ஆண்டுகளை ரயில் பயணமாகக் காட்டியது. ஸ்காட் சாம்சன் என்ற தொல்லுயிரியலாளரே அதில் தோன்றி விளக்கினார். இத்தகைய தொடரை ஒரு வீடு கொண்டாடியது, மற்றொரு வீடு ஒதுக்கியது. வீட்டுக்கல்வியைப் பொறுத்தவரை பாடத்திட்டக் குழுவும் பெற்றோர்தான், தணிக்கைக் குழுவும் பெற்றோர்தான்.

2000க்குப் பின் தயாரிப்பாளர்களின் கண் பள்ளிக்கு முந்தைய வயதை நோக்கித் திரும்பியது. பாஸ்டன் நகரத்து டபிள்யூ.ஜி.பி.ஹெச். நிலையம் 2004இல் தந்த ‘பீப் அண்ட் தி பிக் வைட் வேர்ல்ட்’ ஒரு கோழிக்குஞ்சு, ஒரு ராபின் குருவி, ஒரு வாத்து ஆகியவற்றின் கதை. கார்ட்டூன் முடிந்ததும் உண்மையான பிள்ளைகள் அதே பொருளைக் கையால் தொட்டு விளையாடும் காட்சி வரும். பார்க்கும் பிள்ளைக்கு அதன் பொருள் தெளிவு: இதை நீயும் செய்யலாம்.

2008 செப்டம்பரில் ஜிம் ஹென்சன் நிறுவனம் கொண்டுவந்த ‘சிட் தி சயின்ஸ் கிட்’ இப்போக்கின் உச்சம். ரோஷல் கெல்மன், கிம்பர்லி பிரென்னமன் ஆகிய ஆய்வாளர்கள் மழலையர்க்காக வகுத்த அறிவியல் கற்பிப்பு முறை அதன் அடிப்படை. ஒரு நிகழ்ச்சியில் சிறுவன் சிட் தன் வாழைப்பழம் குழைந்து கறுத்திருப்பதைக் கண்டு திகைக்கிறான். ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வியோடு வீட்டாரைக் கேட்கிறான், நண்பர்களைக் கேட்கிறான். பழங்கள் நாள்பட எப்படி மாறுகின்றன என்று பிள்ளைகள் உற்றுப்பார்த்துத் தங்கள் ஏட்டில் வரைகிறார்கள். வீட்டில் இதற்கு வேண்டியது ஒரு வாழைப்பழமும் ஒரு தாளும்தான். திங்கட்கிழமை மஞ்சளாக வரைந்த பழத்தில் புதன்கிழமை புள்ளிகள் விழும், வெள்ளிக்கிழமை பழுப்புநிற கிரேயான் வேண்டியிருக்கும். பென்சில்வேனியாத் தாய் ஒருத்தியின் கோப்பில் அந்த ஐந்து தாள்களும் அறிவியல் பாடத்தின் சான்றாகவே நிற்கும்.

இயற்கையை நேரில் கண்டு ஏட்டில் வரையும் பழக்கத்தை வலியுறுத்திய ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் (1842–1923) வழியைப் பின்பற்றும் குடும்பங்கள் தொலைக்காட்சியை ஐயத்தோடுதான் பார்த்தன. அந்த ஐயத்துக்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. மிகச் சிறு குழந்தைகள் திரையில் கண்டதைவிட எதிரே இருப்பவர் செய்துகாட்டியதையே நன்றாகக் கற்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1999இல் இரண்டு வயதுக்குள் தொலைக்காட்சியே வேண்டாம் என்றது. 2016இல் இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்றது. நல்ல தொடர் பயன்தரும் என்பதற்கும் சான்று உண்டு. ‘தி கேட் இன் தி ஹேட் நோஸ் எ லாட் அபவுட் தட்!’ தொடரின் காட்சிகளையும் விளையாட்டுகளையும் எட்டு வாரம் வீட்டில் பயன்படுத்திய நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த முடிவு 2019இல் வெளியானது. சொரசொரப்பான பரப்பில் பொருள் எப்படிச் சறுக்குகிறது, எந்தப் பொருள் பாலத்தைத் தாங்கும் என்பன போன்றவற்றில் அவர்களின் புரிதல் கூடியிருந்தது.

2015இல் ‘சைஷோ கிட்ஸ்’ யூடியூபில் தொடங்கியபின் நிகழ்ச்சி அட்டவணை என்பதே பொருளிழந்தது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா பள்ளிகளை மூடியபோது, லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் உள்ளூர்ப் பொது ஒளிபரப்பு நிலையங்களோடு கைகோத்து, வயதுவாரியாக நேரம் குறித்துப் பாடங்களை ஒளிபரப்பியது. இணைய வசதியற்ற வீட்டுக்கும் ஆன்டெனா எட்டும் என்பதே காரணம். வீட்டுக்கல்வியை மேற்கொண்ட குடும்பங்கள் அந்த ஆண்டு வசந்தத்தில் 5.4 விழுக்காடு, இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடு என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை கண்டது.

ஏழை வீட்டுச் சிறார்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு முப்பது ஆண்டுகளாக உதவிவந்த ‘ரெடி டு லேர்ன்’ மானியத்தை அமெரிக்கக் கல்வித்துறை 2025 மே மாதம் நிறுத்தியது. பொது ஒளிபரப்புக்கு முன்பே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரை ஜூலையில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. இதன் சுமை, பெருநகர நிலையங்களைவிட இந்தப் பணத்தையே பெரிதும் நம்பியிருந்த நாட்டுப்புறச் சிறு நிலையங்களின்மேல் கூடுதலாக விழுந்திருக்கிறது.