கழன்று போகும் தோள்

முட்டத்துப் பாறையில் மாலையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வர மனம் வராது. சில வருஷங்களுக்கு முன் அங்கே எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர், மற்றவர்கள் வலை இழுக்க, வலது கையை மடியில் கிடத்திச் சும்மா இருந்தார்.

"ஒருக்கா அலையடிச்சுக் களண்டுது, சாரே. ஆசான் ஏத்தி விட்டாரு. அதுக்குப் பிறகு கையைத் தூக்கினாலே களண்டு போவுது. எக்ஸ்ரே எடுத்தா எலும்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாங்க. வீட்டுல என்னைச் சோம்பேறிங்கா."

டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கையை எப்படி வைத்துப் படம் எடுத்தார்கள்?" என்றுதான் கேட்டார்.

தோள் மூட்டு, அகல்விளக்கில் தேங்காயை நிறுத்திய மாதிரி. உருண்டை பெரிது, கிண்ணம் ஆழமில்லாதது. அடிக்கடி கழலும் தோளுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடச் சொன்னார் கிரேக்க வைத்தியர் ஹிப்பாக்ரடீஸ். தழும்பு இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்கு. நினைத்தாலே நமக்கு அக்குள் எரிகிறது! லண்டனில் பாங்கார்ட் என்ற அறுவை மருத்துவர், கிண்ணத்தின் முன்விளிம்பில் ஜவ்வு கிழிவதே மூலகாரணம் என்று 1923இல் எழுதினார்.

ஆனால் எலும்பும் அடிபடுகிறது. உருண்டை முன்புறமாக நழுவும்போது அதன் பின்பக்கம் கிண்ணத்தின் விளிம்பில் மோதி, பழுத்த மாம்பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கியதுபோல் குழிந்துவிடும். பிணங்களை அறுத்துப் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டு டாக்டர்கள் இதைக் கண்டிருந்தார்கள். ராண்ட்ஜன் 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகும், நேராக எடுக்கும் படத்தில் குழி எலும்பின் நிழலிலேயே மறைந்துவிடும். கையை நன்றாக உள்பக்கம் திருப்பி, உள்ளங்கை வயிற்றில் படும்படி வைத்து எடுத்தால் குழி ஓரத்துக்கு வந்து தெரியும். 1940இல் இதை வற்புறுத்தி எழுதிய அமெரிக்க எக்ஸ்ரே நிபுணர்கள் ஹில், ஸாக்ஸ் இருவர் பெயரையும் அந்தக் குழி இன்றும் சுமக்கிறது.

கிண்ணத்தின் விளிம்பு எவ்வளவு தேய்ந்தது என்று அளக்க இப்போது சி.டி. ஸ்கேன் இருக்கிறது. ஏறக்குறைய கால் பங்கு போயிருந்தால் ஜவ்வைத் தைத்து மட்டும் பயனில்லை. பக்கத்து எலும்பில் ஒரு துண்டை எடுத்து அங்கே பொருத்துவார்கள். 1954இல் பிரெஞ்சுக்காரர் லாட்டார்ஜே சொன்ன வழி அது.

நண்பர் சீட்டு எழுதிக் கொடுத்தார். கையைத் திருப்பி மறுபடி படம் எடுத்தார்கள். அடுத்த முறை நான் முட்டம் போனபோது, முற்றத்து வெயிலில் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இந்தா, இந்தக் குழியைப் பாரு" என்று மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார், இடது கையால்.