நோவும் நடையும்

பிழைப்பு நாடித் தாயகம் விட்டு வந்த நமக்குக் காலே பெருந்துணை. ஊரிலாயின், முழங்கால் நோவுற்ற பாட்டியாரின் திண்ணையைத் தேடிச் சுற்றமும் அயலும் வந்து சேரும். அமீர்பேட்டில் மாடிக் குடியிருப்பில் வாழும் மூதாட்டியார் படியிறங்க இயலாதவராயின், அவருக்குக் கோயில் இல்லை, கடைத்தெரு இல்லை, நம் சங்கத்தின் ஆண்டு விழாவும் இல்லை. மூட்டு நோவால் உயிர் போவதில்லை என்பர். ஆனால் மனிதரோடு கூடிப் பழகும் வாழ்வு போய்விடுகின்றது. ஆதலின் இந்நோவை மாந்தர் எதிர்த்து வந்த வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

நம் முன்னோர் இதற்கு வழி காணாதிருந்தாரில்லை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றொரு முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதனை ஒன்பது வகைப்படுத்தினர். நொச்சியிலை ஒற்றடமும் எண்ணெய்ப் பூச்சும் இன்றும் நம் இல்லங்களில் வழங்குகின்றன. நாம் குடியேறியுள்ள இந்நகரில் வேரூன்றிய யுனானி மருத்துவத்திலும் உடல் பிடித்தலும் வெந்நீர்க் குளியலும் உண்டு. இவற்றிலெல்லாம் பெரும்பாலும் நோயாளர் படுத்திருக்க, பிறர் கையே தொழில் செய்தது.

நோயாளர் தாமே உடலை இயக்கி நலம் பெறும் முறையை ஐரோப்பாவில் ஒழுங்குபடுத்தியவருள் முதன்மையானவர் சுவீடன் நாட்டுப் பேர் ஹென்ரிக் லிங். அவர் 1813-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கெனத் தனி நிலையம் கண்டார். 1894-இல் இலண்டனில் செவிலியர் நால்வர் கூடி, உடல் பிடிக்கும் தொழிலுக்கு நெறியும் தேர்வும் வகுக்க ஒரு கழகம் அமைத்தனர். ஆயினும், நோவுற்ற மூட்டை அசையாது கிடத்துவதே மருந்து என்னும் கருத்து நெடுங்காலம் மருத்துவரிடையே வலுப்பெற்றிருந்தது. 1863-இல் ஜான் ஹில்டன் ஓய்வின் பெருமையை விளக்கி நூல் வெளியிட்டார். அக்கருத்துக்கு மாறாக, படுக்கையில் நெடுநாள் கிடப்பது தசை, எலும்பு, மூட்டு அனைத்துக்கும் கேடு என்று 1947-இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர் அறிவுறுத்தினார்.

இதற்கிடையே உலகப் போர்கள் இரண்டும் உறுப்பிழந்தோரைப் பெருக்கின. இளம்பிள்ளை வாதம் குழந்தைகளின் கால்களை முடக்கியது. இவ்விரு துன்பங்களும் சேர்ந்தே இயன்முறை மருத்துவத்தை, அதாவது பிசியோதெரபியை, ஒரு துறையாக வளர்த்தன. 1952-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு பம்பாயில் இத்துறைக்குப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1955-இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவாயிற்று.

தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இரு காலும் செயலிழக்கப் பெற்றார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். 1966-இல் வேலூரில் அத்துறைக்கெனத் தனி நிலையம் திறக்கப்பெற்றது. 1972-இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இனி நம் அமீர்பேட்டின் பக்கம் வருவோம். 1949-இல் இங்கே மருத்துவர் வெங்கட் ராவ் இயற்கை மருத்துவமனையைத் தோற்றுவித்தார். நீராவி, மண்பட்டி, தொட்டிக் குளியல் ஆகியவை அம்மருத்துவத்தின் கருவிகள். அண்டையிலுள்ள பஞ்சாகுட்டாவில் நிசாமின் அறக்கட்டளையால் எலும்பு மருத்துவமனை எழுந்து, 1964-இல் திறக்கப்பெற்றது. அதுவே பின்னர்ப் பல துறைகளும் கொண்ட நிம்ஸ் நிலையமாக வளர்ந்தது. இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் 2011-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 2014-இல் அதற்குச் சான்றும் கிடைத்தது. குழந்தைகளை நடக்கச் செய்யப் பயின்ற அதே கலை இன்று முதியோரின் முழங்காலுக்கும், கணிப்பொறிமுன் குனிந்திருக்கும் இளைஞரின் கழுத்துக்கும் உதவுகின்றது.

அக்கலையின் இன்றைய அறிவு யாது? 1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர், நோவுச் செய்தி மூளையை எட்டுமுன் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடப்பதுபோலக் கூடியும் குறைந்தும் செல்லும் என விளக்கினர். மூன்று திங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்பர். அதன் கடுமை மூட்டின் தேய்வுக்கு நேரளவாக இருப்பதில்லை. ஆதலின் நோவு கண்டு அஞ்சி அசையாதிருந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் முழங்காலின் சுமை கூடும். நோவு மேலும் மிகும். நாற்காலியில் அமர்ந்து காலை நேரே நீட்டிச் சில நொடி நிறுத்துதல், கையூன்றாது எழுந்து அமர்தல், அளவான நடை ஆகிய எளிய பயிற்சிகளே இச்சுழலை அறுக்கும். உடலெடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. எனினும் மூட்டுச் சிவந்து வீங்கினும், காய்ச்சல் வரினும், கால் மரத்துப் போயினும், சிறுநீர் கட்டுக்கடங்காது போயினும், பயிற்சிக்கு முன் மருத்துவரையே நாட வேண்டும்.

நாமோ நாற்காலியில் அமர்ந்து பேரேடு பார்க்கும் இருப்புப்பாதை எழுத்தர். நம்மனையோர் பலர் மின்கருவிச் சூட்டுக்குப் பத்து நாள் சென்று, நோவு தணிந்ததும் பயிற்சியைக் கைவிடுகின்றனர். சூடு தரும் தணிவு சிறு பொழுதே நிற்கும். தசை வலுப்பெறச் சில வாரங்களேனும் வேண்டும். நம் இல்லத்துப் பெண்டிரோ, 'வயதாகிவிட்டது, இதற்கென்ன செய்வது?' என்று நோவை வெளியிற் சொல்வதுமில்லை. கேட்டறிந்து அழைத்துச் செல்வதும், நாள்தோறும் உடனிருந்து பயிற்சி செய்விப்பதும் வீட்டாராகிய நம் கடமை.

லிங் முதல் மேரி வர்கீஸ் வரை பல்லோர் உழைத்துத் தந்த செல்வம் நம் தெருவுக்கு அருகிலேயே உள்ளது. அதனை நன்கு பயன்கொள்வோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு நம் மூத்தோர் யாவரும் தம் காலாலேயே நடந்து வந்து முன்வரிசையில் அமர வேண்டும் என்பதே நம் விழைவு. வாழ்க தமிழ்! வாழ்க நம் சங்கம்!