அடுப்பில் சுட்ட கார்டு

2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செத்துப்போன கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு வைத்தியம் பரவியது. ஃபேனையும் ஹீட்சிங்க்கையும் கழற்றிவிட்டு, வீட்டு ஓவனில் சுமார் 200 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் சுடுவது. கேக் சுடுகிற அதே ஓவன்! அந்தப் புகையை நினைச்சாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பல கார்டுகள் நிஜமாகவே எழுந்து உட்கார்ந்தன.

அதற்குச் சொன்ன காரணம் இது: 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குத் தடை போட்டது, ஈயமில்லாத சால்டர் விரிசல் விட்டது, சூட்டில் உருகி மறுபடி ஒட்டிக்கொண்டது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த சால்டர் உருக 217 டிகிரி வேண்டுமே.

2008 ஜூலையில், லேப்டாப் சிப்கள் பழுதாவதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்த என்விடியா, சிப்பையும் அதன் பொதியையும் இணைக்கும் பொருட்களின் பலவீனத்தையே காரணமாகச் சொன்னது. சிப்புக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் நுண்புடைப்புகள் அவை. ஈயம் நிறைந்த வகை என்றால் உருக 300 டிகிரி தாண்ட வேண்டும். ஐரோப்பியத் தடையும் அதற்கு விலக்கு கொடுத்திருந்தது. ஆக, ஓவனில் எதுவும் உருகவில்லை. சூட்டில் நெளிந்து, பிரிந்த முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான்.

சில வாரம் ஓடும், சில மாதம் ஓடும். விற்றுவிட அது தாராளம். அதனால் செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கப்போனால், கேம் ஓடுதா என்று அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் திருப்பிப் பார்ப்பது, போர்டு பழுப்பேறியிருக்கா, பிளாஸ்டிக் கனெக்டர் இளகியிருக்கா என்றுதான்.