மேயர் சிவசண்முகமும் ஒரு நூலும்

ஜீயபுரத்தில் கூடியிருக்கும் நம்மில் பலருக்கு ஜெ. சிவசண்முகம் பிள்ளை என்ற பெயர் புதிதாக இருக்கலாம். 1937இல் சென்னை மாநகராட்சி மன்றம் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் ஆதிதிராவிடர் அவரே. மேயர் பதவிக்கு அன்று ஒதுக்கீடு கிடையாது. அங்கே மேயர் என்ற பெயரே 1933இல்தான் வந்தது. பிறகு 1946 முதல் 1955 வரை சென்னைச் சட்டமன்றத்தின் சபாநாயகர். 1952 தேர்தலில் 375 பேர் கொண்ட அவையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கொந்தளிப்பான அந்த அவையையும் அவர்தான் நடத்தினார்.

இவ்வளவு பெரியவரை ஏன் மறந்தோம்? காங்கிரஸ்காரர் என்பதால்தான். அம்பேத்கரோடு நின்ற, 1945இல் மேயரான என். சிவராஜை நம் மேடைகள் போற்றுகின்றன. அது சரிதான். அதற்காக இவரை எதிர்முகாம் என்று தள்ளிவிட வேண்டுமா?

பதவிகளை விடுவோம். மேயராவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1930இல், எம்.சி. ராஜாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுத்துகளையும் உரைகளையும் ஆங்கில நூலாக வெளியிட்டவர் இதே சிவசண்முகம். நம் தலைவர்களின் மேடைப்பேச்சு பெரும்பாலும் காற்றோடு போன காலம் அது. தன் காலத்துத் தலைவர் உயிரோடு இருக்கும்போதே அவர் சொற்களை அச்சில் ஏற்ற வேண்டும் என்று ஓர் இளைஞருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டாண்டு கழித்து, 1932இல், ராஜா மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்து கூட்டுத்தொகுதிக்கு இசைந்தார். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அதற்கு முந்தைய ராஜாவை அவருடைய சொற்களிலேயே படிக்க நம் மாணவர்களுக்கு இந்த நூல் இருக்கிறது.